புறந்தருதலும் போர்மறுத்தலும்: ரஜனி திராணகமவை முன்வைத்துத் தாய்மையும் அமைதிச் செயற்பாடும் குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

சிறு குழந்தைகளை உடைய ஒருவர் அமைதிக்கான அரசியலில் ஈடுபடும்போது, அவரது வாழ்வைக் குழந்தை ஒரு தட்டிலும் பொதுப்பணி மறு தட்டிலுமாக நிறுத்துப் பார்ப்பதே திறனாய்வு வழக்காக இருந்து வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ரஜனி திராணகமவின் வாழ்வையும் எழுத்தையும் முன்வைத்து, இந்நிறுவை முறை போதாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. புறநானூற்று மறத்தாயர் பாடல்களில் குழந்தை வளர்ப்பு போரின் முதற்கண்ணியாக அமைவதையும், ரஜனியின் சிந்தனை அக்கண்ணியையே வினவுவதையும் ஒப்பிட்டு, குழந்தை வளர்ப்பையும் போர்மறுப்பையும் ஒரே பணியின் இரு கூறுகளாகக் கொள்ள இடமுண்டு என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தாய்மை, அமைதிச் செயற்பாடு, மூதின்முல்லை, ஈழம், முறிந்த பனை, ரஜனி திராணகம.

முன்னுரை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகப் பணியாற்றிய ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகப் பணி முடிந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. அவருடைய மகள்கள் இருவரும் பத்து வயதை ஒட்டிய சிறுமியர். விடுதலைப் புலிகளே இக்கொலைக்குப் பொறுப்பு என்று குடும்பத்தாரும் உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் கூறி வந்துள்ளனர். இந்திய அமைதிப் படை, இலங்கை அரசு, தமிழ் இயக்கங்கள் ஆகிய அனைத்துத் தரப்பின் வன்முறையையும் ஒரே அளவுகோலால் பதிவு செய்ததே அவர் செய்த பணி.

ரஜனியைப் பற்றிய நினைவுரைகளில் 'இரு குழந்தைகளின் தாய்' என்னும் தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. பெரும்பாலும் அது ஓர் அடைமொழியாகவே நின்றுவிடுகிறது. இரங்கலை மிகுவிக்க அது பயன்படுகிறதேயன்றி, அவருடைய சிந்தனையை விளக்கப் பயன்படுவதில்லை. மறுபுறம், 'பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவருக்கு இது ஏன்?' என்னும் வினாவும் இத்தகைய வாழ்வுகளைப் பற்றிப் பேசும் இடங்களில் எழாமலிருப்பதில்லை. இரங்கலும் குற்றச்சாட்டும் ஒரே எடுகோளிலிருந்து பிறப்பவை. குழந்தை வீட்டுக்கு உரியது, அமைதி வீட்டுக்கு வெளியே உள்ளது, ஒன்றுக்குக் கொடுக்கும் நேரம் மற்றொன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே அவ்வெடுகோள். அதனைச் சோதிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிறுவையின் குறை

வாசிப்பவர் எங்கிருந்து வாசிக்கிறார் என்பதைச் சொல்லிவிடுவது ஆய்வு நேர்மைக்கு உகந்தது. இக்கட்டுரையாளர் சென்னையின் மேற்கே, அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் வாழ்பவர். ஒன்பது மாதக் குழந்தையின் தாய். முனைவர் பட்ட ஆய்வுக்காக ஈழத்துப் பெண்களின் போர்க்கால எழுத்துகளைப் படித்த மாதங்கள், இரவில் இருமுறை விழித்தெழுந்த மாதங்களாகவும் இருந்தன. போர்நிறுத்தம் வேண்டி நகரில் நடந்த ஒரு கூட்டத்திற்குக் குழந்தையுடன் சென்றபோது, 'குழந்தையை விட்டுவர ஆளில்லையா?' என்று கேட்டனர். அடுத்த கூட்டத்திற்குக் குழந்தையை வீட்டில் விட்டுச் சென்றபோது, 'குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' என்று கேட்டனர். உடன் வந்திருந்த கணவரிடம் இவ்விரு வினாக்களுள் எதனையும் எவரும் கேட்கவில்லை.

இவ்வனுபவம் தனிப்பட்ட குறையாக இங்கே எடுத்துரைக்கப்படவில்லை. குழந்தையுடன் வந்தாலும் வராவிட்டாலும் வினாவுக்கு உள்ளாகுபவர் தாயே என்பதை அது காட்டுகிறது. நிறுவை என்பது இரு தட்டுகளையும் நடுநிலையுடன் தாங்குவது. ஆனால் இந்நிறுவையில் நிறுக்கப்படுபவர் பெண் மட்டுமே. ஆண் செயற்பாட்டாளரின் வாழ்வு வரலாற்றில் தந்தைமை பெரும்பாலும் ஒரு தகவலாகவே இடம்பெறுகிறது. பெண் செயற்பாட்டாளரின் வரலாற்றிலோ தாய்மை ஒரு வழக்காக விசாரிக்கப்படுகிறது. எனவே 'ரஜனி எவ்வாறு சமன் செய்தார்?' என்று தொடங்கும் எந்த ஆய்வும், தொடங்கும்போதே அவ்விசாரணைக்குத் துணைபோய்விடுகிறது. குழந்தை வளர்ப்பு என்னும் செயலுக்குப் போரோடு உள்ள உறவு யாது என்பதே முதலில் கேட்கத்தக்க வினா. அவ்வினாவுக்குத் தமிழ் மரபு தெளிவானதொரு விடையை முன்பே தந்திருக்கிறது.

2. புறநானூற்றுத் தாயர்: போரின் முதற்கண்ணி

பொன்முடியாரின் புறநானூற்று 312ஆம் பாடல் கடமைகளின் பட்டியலாக அமைந்தது. பெற்று வளர்த்தல் தாய்க்கும், சான்றோன் ஆக்குதல் தந்தைக்கும், வேல் வடித்துக் கொடுத்தல் கொல்லனுக்கும் உரிய கடன்களாகின்றன. வேந்தன் நல்குவது நன்னடை என்றும் தண்ணடை என்றும் பாடம் வேறுபடும். முன்னது ஒழுக்கத்தையும் பின்னது மருதநிலக் கொடையையும் சுட்டும். இறுதியில், களிற்றை வீழ்த்தி மீளுதல் இளைஞனின் கடனாகிறது. இப்பாடல் தாய்மையைப் போற்றும் பாடலாகப் பள்ளி மேடைகளில் பயின்று வருகிறது. 'சான்றோன்' என்னும் சொல் இவ்விடத்தில் வீரனைக் குறிக்கும் என்பது அறிஞர் பலரும் சுட்டிய செய்தி. அப்பொருளை ஏற்றால் பாடலின் கட்டமைப்பு துலங்கும். தாயின் கையிலிருந்து தந்தை, கொல்லன், வேந்தன் வழியாகக் களம் சேரும் ஒரு தொடர் அது. பொருளாக்கத் தொடர் ஒன்றின் முதல் நிலையில் தாய் நிற்கிறாள். 'புறந்தருதல்', அதாவது பேணி வளர்த்தல், போருக்கு எதிரானதாகவோ போருக்கு அப்பாற்பட்டதாகவோ இங்கு அமையவில்லை. அது போரின் முதற்கண்ணியாகவே அமைந்துள்ளது.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடல் இத்தொடரை அதன் இறுதி எல்லைவரை கொண்டு செல்கிறது. அடுத்தடுத்த போர்களில் தன் குடும்பத்து ஆடவரை இழந்த பெண், மீண்டும் போர்ப்பறை ஒலித்தபோது, தன் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். தலைவாருதல், உடை உடுத்துதல் என்னும் அன்றாடப் பேணல் செயல்களே இங்குப் போர்க்கோலமாக மாறுகின்றன. இவ்விரு பாடல்களும் வாகைத் திணையில் மூதின்முல்லைத் துறையைச் சார்ந்தவை. அத்துறையின் இலக்கணமே மறக்குடி மகளிரின் வீரவுணர்வைப் பாடுவது. ஆகவே போரை மறுக்கும் தாய்க்கு அங்கு இடமில்லை.

இதனால் சங்க இலக்கியத்தில் போர்மறுப்பே இல்லை என்று முடிவு செய்தல் பிழையாகும். புறநானூற்று 46ஆம் பாடலில், மலையமானின் மக்களை யானைக்காலில் இடத் துணிந்த கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுக்கிறார். யானையைக் கண்டு அழுகையை மறந்து, மன்றத்தைப் புதிதாக நோக்கி மருளும் அச்சிறாரின் முகத்தையே தம் வாதத்தின் மையமாக அவர் வைக்கிறார். அரசியல் அவையில் குழந்தையின் முகத்தைக் காட்டிக் கொலையை நிறுத்தக் கோரும் தமிழ்க்குரல்களுள் இது தொன்மையானது. ஆயினும் அக்குரல் ஆண் புலவருடையது. குழந்தையைக் காட்டி அமைதி வேண்டும் உரிமை புலவனுக்குக் கிடைத்திருக்க, அக்குழந்தையை வளர்த்தவளுக்கு மூதின்முல்லை ஒதுக்கிய பேச்சு வேலைக் கையில் கொடுப்பதாகவே இருந்தது. தமிழ் அரசியல் உணர்வில் நெடுங்காலம் நிலைத்த ஒரு பிளவு இது எனலாம். ஈழத்துத் தேசியச் சொல்லாடலில் 'வீரத்தாய்' என்னும் படிமம் மீண்டும் உயிர்பெற்றதைச் சித்திரலேகா மௌனகுரு தம் ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார்.

3. கைக்குழந்தைக் காலமும் ஆயுத அரசியலும்

இப்பின்புலத்தில் ரஜனியின் வாழ்வை நிரல்பட நோக்குவது தேவையாகிறது. 1977இல் சிங்கள இடதுசாரிச் செயற்பாட்டாளரான தயாபால திராணகமவை மணந்தார். 1978இல் மூத்த மகளும் 1980இல் இளைய மகள் சரிகாவும் பிறந்தனர். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1982இல் அவருடைய அக்கா நிர்மலா பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டபோது, அவரது விடுதலைக்காகப் பன்னாட்டளவில் இயங்கினார். காயமுற்ற போராளிகளுக்கு மருத்துவம் செய்ததும், விடுதலைப் புலிகளுக்கு நெருக்கமாக இருந்ததும் இக்காலத்திலேயாகும். 1983இல் உயர்படிப்புக்காக இங்கிலாந்தின் லிவர்பூல் சென்றார். காலப்போக்கில், மாற்றுக்கருத்தை ஒடுக்கும் இயக்கப் போக்கைக் கண்டு விலகினார். 1986இல் யாழ்ப்பாணம் திரும்பினார். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்ட பின்னர் மக்களின் சாட்சியங்களைத் திரட்டினார். 1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு உருவானபோது அதன் நிறுவுநர்களுள் ஒருவரானார்.

இந்நிரல் ஓர் இயல்பான நம்பிக்கையைக் கலைக்கிறது. தாய்மை தானாகவே ஒருவரை அமைதியின் பக்கம் கொண்டு சேர்க்கும் என்பது அந்நம்பிக்கை. ரஜனியின் வாழ்வில், குழந்தைகள் மிகச் சிறியவராக இருந்த ஆண்டுகளே அவர் ஆயுத இயக்கத்துக்கு மிக அண்மையில் நின்ற ஆண்டுகள். அக்காவின் சிறைவாசமும் அரசின் ஒடுக்குமுறையும் அன்று அவருக்கு அளித்த விடை அதுவாக இருந்தது. குழந்தை பிறந்ததனால் அவர் அமைதியாளர் ஆகவில்லை. நீண்ட அரசியல் சிந்தனையின் முடிவிலேயே அவர் அந்நிலைப்பாட்டை எட்டினார். அவரது தாய்மையை உயர்த்திப் பேசுவோர் இவ்வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால், அவர் அடைந்த தெளிவின் விலை நமக்குப் புலப்படாது போய்விடும்.

அவர் கொல்லப்பட்ட அதே 1989இல் அமெரிக்க மெய்யியலாளர் சாரா ரட்டிக் தாய்மைச் சிந்தனை பற்றிய தம் நூலை வெளியிட்டார் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. குழந்தையின் உயிரைக் காத்தல், அதன் வளர்ச்சியைப் பேணுதல், சமூகம் ஏற்கும்படி அதனைப் பழக்குதல் என்னும் மூன்று தேவைகள் தாய்மைப் பணியை வடிவமைக்கின்றன என்பது அவர் கருத்து. தாய்மையைப் பிறப்பின் இயல்பாகக் கொள்ளாமல் ஒரு பணியாகவே அவர் கொள்வதால், அப்பணியை ஆணும் ஏற்கலாம். தாய்மார் போர்களை ஆதரித்த வரலாற்றையும் அவர் மறுப்பதில்லை. அதற்கான காரணத்தை மூன்றாம் தேவையில் காணலாம். சமூகம் போரை மதிப்புக்குரியதாகக் கொண்டிருக்கையில், சமூகம் ஏற்கும் மகனை உருவாக்குதல் என்பது போர்மகனை உருவாக்குதலாகிவிடும். பொன்முடியாரின் பாடல் காட்டுவது இதனையே. முதலிரு தேவைகள் மூன்றாவதற்கு இரையாவதே மறத்தாயின் அவலம். காத்தலின் பேரால் பழக்குதலை வினவும் துணிவே அமைதிச் செயற்பாட்டின் தொடக்கம் எனக் கொள்ளலாம்.

4. கடிதத்தில் வரும் தாய்

ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. சிறீதரன் ஆகியோருடன் இணைந்து ரஜனி எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1990இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பின்னர் அது 'முறிந்த பனை' என்னும் பெயரில் தமிழாக்கம் பெற்றது. அதில் 1987 அக்டோபர்ப் போரில் பெண்கள் பட்டவற்றைக் கூறும் பகுதி அவருடையது. 'இனிக் கண்ணீர் வேண்டாம், சகோதரி' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அத்தலைப்பின் விளி கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் பெண்களைத் தாயரே என்று அழைக்கவில்லை. சகோதரி என்றே விளிக்கிறார். தாய் என்னும் தகுதியைப் பேசும் உரிமைக்கான சான்றாக அவர் முன்வைக்கவில்லை. வன்புணர்வுக்கு ஆளானவர், பிள்ளையை இழந்தவர், இயக்கத்தில் சேர்ந்த பெண் ஆகிய அனைவரையும் அவ்விளி ஒரே தளத்தில் நிறுத்துகிறது.

பிற நாட்டு இயக்கங்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். அமெரிக்காவில் 1961 நவம்பர் 1 அன்று அணுகுண்டுச் சோதனைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கிய பெண்கள், சோதனைகளின் கதிரியக்கக் கழிவு குழந்தைகள் அருந்தும் பாலில் கலப்பதைச் சுட்டிக்காட்டினர். 1962இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு அவர்களை அழைத்தபோது, ஆதரவாளர் பலர் கைக்குழந்தைகளுடன் வந்து அமர்ந்தனர். தாய்மை அங்கே கேடயமாகப் பயன்பட்டது. அது வெற்றியும் தந்தது. யாழ்ப்பாணத்திலும் 1984இல் உருவான அன்னையர் முன்னணி, கைதான இளைஞர்களுக்காகத் தாய்மையின் பேரால் அரசிடம் நீதி கேட்டது. இலங்கை அன்னையர் இயக்கங்களைப் பற்றி எழுதிய மாலதி டி அல்விஸ், தாய்மை எதிர்ப்புக்கு ஒரு வெளியைத் திறந்துவிடுவதையும் அவ்வெளிக்கு உள்ள வரம்புகளையும் விவாதித்துள்ளார். 'என் பிள்ளை' என்னும் கோரிக்கை வலிமையானது. எனினும் 'என் பிள்ளை' கொன்ற பிள்ளையைப் பற்றி அக்கோரிக்கையால் பேச இயலாது.

ரஜனியின் சிந்தனை இவ்வரம்பைத் தாண்டியது. மறைவுக்குச் சிறிது காலத்திற்கு முன் எழுதிய கடிதம் ஒன்றில், ஒரு நாள் ஏதோ ஒரு துப்பாக்கி தம் குரலை அடக்கும் என்றும், அதனை ஏந்துபவன் அயலானாக இருக்கமாட்டான் என்றும், தம் வரலாற்றைப் பகிர்ந்துகொண்ட ஒரு பெண்ணுக்கு இச்சமூகத்தின் கருவில் பிறந்த மகனாகவே இருப்பான் என்றும் அவர் குறிப்பிட்டார். இக்கூற்று பெரும்பாலும் முன்னுணர்வின் சான்றாக மட்டுமே நினைவுகூரப்படுகிறது. அதில் உள்ள தாயைக் கவனித்தோர் குறைவு. தம்மைக் கொல்லப்போகிறவனை எண்ணும்போதும் அவர் அவனை ஒரு தாயின் மகனாகவே எண்ணுகிறார். அத்தாயைத் தம்மிடமிருந்து பிரித்து நிறுத்தாமல், தம் வரலாற்றைப் பகிர்ந்தவள் என்று தம்மோடு சேர்த்துக் கொள்கிறார்.

பொன்முடியாரின் பாடலோடு இக்கூற்றை இணைத்து வாசித்தல் தகும். இரண்டிலும் ஒரே தொடரே பேசப்படுகிறது. ஒரு தாய் பெறுகிறாள், சமூகம் உருவாக்குகிறது, கையில் ஆயுதம் தரப்படுகிறது, மகன் கொல்கிறான். பாடல் இத்தொடரைத் தாயின் பக்கமிருந்து களம் நோக்கிச் சொல்கிறது. கடிதம் களத்திலிருந்து தாயின் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. பாடலில் தொடரின் முடிவு வெற்றி. கடிதத்தில் அதே தொடரின் முடிவு எழுதுபவரின் சொந்த மரணம். இரு சிறுமியரை வளர்த்துக்கொண்டிருந்த ஒருவர், அண்டை வீட்டுக் குழந்தை எவ்வாறு கொலைஞனாக உருவாகிறது என்பதைத் தம் குழந்தை வளர்ப்புக்கு அப்பாற்பட்ட வினாவாகக் கருத இயலாது. அந்நிலையில் அமைதிச் செயற்பாடு என்பது குழந்தைகளிடமிருந்து பறித்த நேரம் ஆகாது. குழந்தைகள் எத்தகைய சமூகத்தால் பழக்கப்படுவர் என்பதைப் பற்றிய செயலாக அது அமைகிறது.

5. எவர் 'அன்னை'?

தாய்மையை அரசியல் எவ்வாறு தேர்ந்து ஏற்கிறது என்பதற்கு அக்காலத்து மற்றொரு மரணம் சான்றாகும். பத்துப் பிள்ளைகளின் தாயான பூபதி, 1988 மார்ச் 19 அன்று மட்டக்களப்பு மாமாங்கப் பிள்ளையார் கோயிலில் உண்ணாநோன்பு தொடங்கினார். இந்தியப் படை போர்நிறுத்தம் செய்து புலிகளுடன் பேச வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஏப்ரல் 19 அன்று உயிர் நீத்தார். 'அன்னை பூபதி' என்னும் பெயர் நிலைத்தது. ஆண்டுதோறும் நினைவு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அவருடைய துணிவை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது.

ரஜனியை எவரும் 'அன்னை' என அழைக்கவில்லை. இருவரும் தாயர், இருவரும் போர் நிற்க வேண்டும் என்று கேட்டவர்கள். பூபதியின் கோரிக்கை வெளிப்படை ஒன்றை நோக்கியது. ரஜனியின் கோரிக்கை வெளிப்படையை நோக்கியதோடு, தன் சமூகத்தின் ஆயுதங்களையும் நோக்கியது. தேசியச் சொல்லாடல் தாய்மையைத் தியாகத்தின் வடிவில் எளிதில் ஏற்கிறது. தன் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் திருத்திக் கேட்கும் வடிவில் வரும் தாய்மைக்கு அதனிடம் பெயரில்லை. அடைமொழி கிடைக்காத இத்தாய்மையே திறனாய்வின் கவனத்தை மிகுதியாக வேண்டுவது.

6. மகளின் வாசிப்பு

மேற்கண்ட வாதம் ஓர் எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். சிந்தனை எவ்வளவு ஒருமையுடையதாக இருப்பினும், இரு சிறுமியர் தாயை இழந்தனர். அவ்விழப்பை எந்தக் கருத்தாக்கமும் ஈடுசெய்யாது. அவ்விழப்புக்குக் கணக்குக் கேட்கும் உரிமை எவருக்கேனும் உண்டெனில், அது அம்மகள்களுக்கே உண்டு. அவர்களின் பேரால் பிறர் கேட்பது முறையாகாது.

இளைய மகள் சரிகா திராணகம மானிடவியலாளர் ஆனார். ஹெலன் குளொடாவ்ஸ்கி இயக்கி, கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 2005இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் அவர் தம் தாயாக நடித்தார். 2011இல் இலங்கை உள்நாட்டுப் போர் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 'என் தாயின் வீட்டில்' என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பு தாயின் வீட்டைச் சுட்டினாலும், நூல் தாயின் புகழ்மாலையாக அமையவில்லை. போரில் வீட்டையும் ஊரையும் இழந்தோரின் குரல்களுக்கு அது செவிசாய்க்கிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வாழ்வு அதில் முதன்மையான இடம் பெறுகிறது. தன் இழப்பைப் பற்றி எழுதத் தகுதி மிக்க ஒருவர், தன் சமூகத்தின் பேரால் பிறர் அடைந்த இழப்பைப் பற்றி எழுதுகிறார். தாய் கடிதத்தில் செய்ததையே மகள் ஆய்வில் செய்கிறார் என்பது இக்கட்டுரையாளரின் வாசிப்பு. இதனைக் கொண்டு தாயின் முடிவு சரியென நிறுவப்பட்டது என்று கூறலாகாது. புறந்தருதல் வேலைக் கையில் கொடுப்பதில் மட்டுமே முடியவேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு சான்று, அவ்வளவே.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. தாய்மை இயல்பாகவே அமைதி சார்ந்தது என்னும் கருத்தைப் புறநானூற்றுத் தாயரும் ரஜனியின் தொடக்கக் கால அரசியலும் ஒருங்கே மறுக்கின்றன. குழந்தை வளர்ப்பு போரின் முதற்கண்ணியாகவும் இருக்கலாம். அக்கண்ணியை அவிழ்க்கும் இடமாகவும் இருக்கலாம். எதுவாக அமையும் என்பதைத் தீர்மானிப்பது பிறப்போ உடலோ அன்று. வளர்ப்பவரின் அரசியல் தெளிவே. ரஜனியின் தனித்தன்மை, தாய்மையைக் கேடயமாகக் கொள்ளாமல், தம்மைக் கொல்ல வருபவனின் தாய்வரை நீளும் பொறுப்பாக அதனைக் கண்டதில் உள்ளது.

'சமன் செய்தல்' என்னும் சொல் நீங்கினாலும் அன்றாடத்தின் கடினம் நீங்குவதில்லை. பச்சிளங்குழந்தையுடைய ஒருவர் கூட்டத்திற்கு வர இயலாமற்போவது அவரது உறுதியின் குறை அன்று. தொட்டிலுக்கு இடம் விடாத அரங்கின் குறை. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தொழிற்கூடத்திற்கு விதிக்கப்பட்ட அந்நெறியை அமைதி பேசும் இயக்கங்களும் ஆய்வரங்குகளும் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளவில்லை. பொன்முடியாரின் பட்டியலில் பேணல் தாய்க்கு மட்டுமே உரிய கடனாயிற்று. அப்பட்டியலை மாற்றி எழுதுவோர் முதலில் மாற்ற வேண்டிய வரி அதுவே. 'குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' என்னும் வினா தாயிடம் கேட்கப்படும்வரை அது குற்றச்சாட்டாகவே இருக்கும். கூடியிருப்போர் அனைவரும் தம்மிடமே அதனைக் கேட்டுக்கொள்ளும்போது அது அமைதி அரசியலின் முதல் வினாவாகும்.